ஏஐ கேமரா ஆய்வு: பிபேப், ஐஏடிஎஃப் ஆடிட்டில் நிற்க என்னென்ன வேண்டும்? (அலுமினிய டைகாஸ்ட் பாகம்)

ஓரகடம்_கியூஏ

பாகம் அலுமினிய பிரஷர் டைகாஸ்ட் பம்ப் ஹவுசிங் (அச்சில் வார்த்த பம்ப் உறை), 4 கேவிட்டி (ஒரே டையில் நான்கு அச்சுக்குழி). மெஷினிங் முடிந்ததும் சீலிங் முகத்தைப் பார்க்க வேண்டும். புளோ ஹோல் (வார்ப்பில் காற்று சிக்கி விழும் துளை) 0.3 மி.மீ.க்கு மேல் போனால் ரிஜெக்ட். கூடவே கீறல், டென்ட் (நசுங்கல்), துளை ஓரத்தில் பர் (வெட்டியதில் நீட்டி நிற்கும் பிசிறு). 8 மணி நேர ஷிப்டுக்கு 2,400 பீஸ், ரிஜெக்‌ஷன் சராசரி 1%. இப்போது ஷிப்டுக்கு 3 பேர் கண்ணால் பார்க்கிறார்கள்.

வெண்டர் ஒருவர் ஏஐ கேமரா ஸ்டேஷன் தருகிறார். 5 மெகாபிக்சல் கேமரா, டோம் லைட், இண்டஸ்ட்ரியல் பிசி. 1,000 படத்தில் சோதித்து ‘அக்யூரசி 99.2%’ என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார். அதை வைத்து 3 பேரையும் எடுத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். கஸ்டமரிடம் இதற்கு பிபேப் (பாகத்துக்கான கஸ்டமர் ஒப்புதல் நடைமுறை) அப்ரூவல் எப்படி வாங்குவது? ஐஏடிஎஃப் (வாகனத் துறைத் தர முறை) ஆடிட்டர் எதைக் கேட்பார்? எம்எஸ்ஏ (ஆய்வு முறையே நம்பத்தக்கதா என்ற சோதனை) எப்படிச் செய்வது?

---

காப்பா75

முதலில் அந்த 99.2-ஐத் தூக்கி ஓரமாக வையுங்கள். ரிஜெக்‌ஷன் 1% என்றால், கேமராவை அணைத்துவிட்டு எல்லாப் பீஸுக்கும் ‘ஓகே’ போட்டாலே அக்யூரசி 99% வந்துவிடும்.

2,400 பீஸில் கெட்டது 24. அக்யூரசி 99.2% என்றால் ஷிப்டுக்கு 19 தவறான முடிவு. அந்த 19-ம் நல்ல பீஸைத் தள்ளியதா, கெட்ட பீஸை விட்டதா? முதலாவது என்றால் கொஞ்சம் ரீசெக் வேலை, அவ்வளவுதான். இரண்டாவது என்றால் 24-ல் 19 கஸ்டமருக்குப் போகிறது. இரண்டுக்கும் ஒரே 99.2 தான்.

வெண்டரிடம் மூன்றே எண்ணிக்கை கேளுங்கள்: சோதித்த கெட்ட பீஸ் எத்தனை (படம் இல்லை, பீஸ்), அதில் தப்பியது எத்தனை, தவறாகத் தள்ளிய நல்ல பீஸ் எத்தனை. டிஃபெக்ட் வாரியாகப் பிரித்து.

---

லென்ஸ்காரர்

புள்ளிவிவரத்துக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. அந்த 0.3 மி.மீ. புளோ ஹோல் படத்தில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். படத்தில் இல்லாததை எந்த மாடலும் கண்டுபிடிக்காது.

சீலிங் முகம் சுமார் 110 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 120 மி.மீ. பார்வைப் பரப்பு எடுத்தால், 2448 பிக்சல் அகல சென்சாரில் ஒரு பிக்சல் 0.049 மி.மீ. 0.3 மி.மீ. துளை 6 பிக்சல். இது போதும். ஆனால் பல மென்பொருள்கள் மாடலுக்குள் அனுப்பும் முன் படத்தை 640×640 ஆகச் சுருக்கிவிடும். சுருங்கியதும் ஒரு பிக்சல் 0.19 மி.மீ. உங்கள் துளை ஒன்றரைப் பிக்சல்தான், காணாமலே போய்விடும். டெமோவில் 1 மி.மீ. துளையைக் காட்டுவார்கள், அது பிடிபடும். ‘மாடலுக்குள் போகும் படத்தின் அளவு என்ன, துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறீர்களா, சுருக்கி அனுப்புகிறீர்களா’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அடுத்து அசைவு. கன்வேயர் 200 மி.மீ./செகண்டில் ஓடும்போது எக்ஸ்போஷர் 1 மில்லி செகண்டு வைத்தால் படம் 0.2 மி.மீ. இழுபடும், அதாவது 4 பிக்சல். 100 மைக்ரோ செகண்டுக்குக் குறைத்தால் அரைப் பிக்சலுக்குள் நிற்கும், ஆனால் ஸ்ட்ரோப் லைட் வேண்டும். கேமரா குளோபல் ஷட்டரா (முழுப் படத்தையும் ஒரே நொடியில் பிடிப்பதா) என்றும் பாருங்கள்.

டோம் லைட் மட்டும் போதாது. பளபளக்கும் மெஷின் முகத்தில் டோம் லைட் பிரதிபலிப்பைச் சமன்செய்து புளோ ஹோலை நன்றாகக் காட்டும். அதே காரணத்தால் மெல்லிய கீறலை அழித்துவிடும். கீறலுக்கும் ஆழமில்லாத டென்டுக்கும் தாழ்வான கோணத்தில் விழும் ரிங் லைட் வேண்டும். இரண்டு லைட்டையும் மாற்றி மாற்றி அடித்து இரண்டு படம் எடுப்பதுதான் வழக்கம். பர் பார்க்க துளைக்கு நேராக மூன்றாவது படம்.

வாஷிங்குக்குப் பிறகுதானே ஸ்டேஷன்? கூலன்ட் படலம் இருந்தால் துளைக்குள் திரவம் நின்று அது துளை மாதிரியே தெரியாது. காற்று ஊதும் நாசில் ஒன்று கண்டிப்பாக வையுங்கள்.

---

ஓரகடம்_கியூஏ

வெண்டர் பதில் வந்தது. 1,000 படத்தில் கெட்டது 40 படம், தப்பியது 0. தவறாகத் தள்ளியது 8. அந்த 40 படமும் 12 பீஸிலிருந்து வெவ்வேறு கோணத்தில் எடுத்ததாம். டிஃபெக்ட் வாரியாகப் பிரிக்கவில்லை. படத்தை 640-க்குச் சுருக்குகிறார்கள் என்பதும் உண்மை, லென்ஸ்காரர் சார்.

0 தப்பு என்றால் நல்லதுதானே?

---

காப்பா75

40 கெட்ட பீஸில் 0 தப்பு என்றாலே, 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடியது ‘தப்பும் வீதம் 7.2%-க்கு மேல் இல்லை’ என்பது மட்டும்தான். உங்களிடம் இருப்பது 12 பீஸ். அப்படியானால் அந்த வரம்பு 22% வரை போகும். ஒரே பீஸின் நான்கு படங்களைத் தனித்தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது. அந்த 12 பீஸின் வேறு படங்கள் பயிற்சியிலும் போயிருந்தால் இந்த 0-க்கு மதிப்பே கிடையாது. மாடல் அந்தப் பீஸை அடையாளம் கண்டிருக்கிறது. பயிற்சி, சோதனை பிரிப்பதைப் பீஸ் சீரியல் வாரியாகச் செய்ய வேண்டும். முடிந்தால் கேவிட்டி, தேதி வாரியாகவும்.

கைக்கணக்கு இது: 0 தப்பு வந்தால், 3-ஐப் பீஸ் எண்ணிக்கையால் வகுங்கள். 2% நிரூபிக்க 149 கெட்ட பீஸ், 1% நிரூபிக்க 299. இடையில் ஒன்று தப்பினால் 1%-க்கு 473 பீஸ் வரை போக வேண்டும். இது ஒவ்வொரு டிஃபெக்டுக்கும் தனித்தனி. ஷிப்டுக்கு 24 கெட்டது வருகிறதே, ஸ்கிராப் பெட்டிக்கு அனுப்பாமல் டேக் போட்டுச் சேர்த்தால் சில வாரத்தில் புளோ ஹோலுக்கு எண்ணிக்கை தேறிவிடும். பர், டென்ட் மெதுவாகத்தான் சேரும். ஸ்கிராப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று கொட்டிய பீஸை எடுக்காதீர்கள். அதில் புதிய டென்ட் விழுந்திருக்கும்.

எம்எஸ்ஏ: ஏஐஏஜி (அமெரிக்க வாகனத் துறைக் கூட்டமைப்பு) எம்எஸ்ஏ கையேட்டின் 4-ஆம் பதிப்பில் உள்ள அட்ரிபியூட் ஸ்டடிதான் (நல்லது, கெட்டது என்ற முடிவுக்கான சோதனை). 50 பீஸ், 3 அப்ரைசர் (பார்த்து முடிவு சொல்பவர்), 3 முறை. இதில் கேமராவையும் ஒரு அப்ரைசராக வையுங்கள். ஒப்பிடும் ரெஃபரன்ஸ் முடிவை மைக்ரோஸ்கோப்பில் அளந்து முன்னமே எழுதிவையுங்கள். வரம்பு: எஃபெக்டிவ்னஸ் (சரியான முடிவின் வீதம்) 90%-க்கு மேல், மிஸ் ரேட் 2%-க்குள், ஃபால்ஸ் அலாரம் 5%-க்குள், காப்பா (தற்செயலைக் கழித்து, முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.75-க்கு மேல். 50-ல் பாதியாவது கெட்டதாக இருக்கட்டும், 0.25 முதல் 0.35 மி.மீ. வரையிலான எல்லைப் பீஸ்கள் நிறைய வேண்டும். அப்பட்டமாக நல்லது, அப்பட்டமாகக் கெட்டது என்று போட்டால் யார் செய்தாலும் காப்பா 1 வரும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரே படத்தை மூன்று முறை மாடலுக்குக் கொடுத்தால் மூன்று முறையும் அதே விடைதான். ரிப்பீட்டபிலிட்டி 100% என்று ரிப்போர்ட் வரும், அதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் பீஸைப் பிக்ஸ்சரிலிருந்து (பீஸைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) எடுத்துத் திரும்ப வைத்துப் படம் பிடிக்க வேண்டும். ஒருமுறை காலை லைட் போட்டவுடன், ஒருமுறை லைட் சூடான பிறகு, ஒருமுறை இரவு ஷிப்டில்.

---

கோவை_காஸ்டிங்

கெட்ட பீஸ் சேர்ப்பதை நினைத்து ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். இப்போது அனாமலி மாடல் இருக்கிறது. நல்ல பீஸ் படம் மட்டும் 300, 400 கொடுத்தால் போதும், அதிலிருந்து விலகியது எல்லாம் ரிஜெக்ட். கெட்ட பீஸே தேவையில்லை.

---

காப்பா75

பயிற்சிக்குத் தேவையில்லை, சரி. நிரூபிப்பதற்குத் தேவை. தப்பும் வீதத்தைக் கெட்ட பீஸ் இல்லாமல் எதை வைத்து எண்ணுவீர்கள்? 0.3 மி.மீ. டிரில் போட்டுச் செயற்கைத் துளை செய்வோரும் உண்டு. அது தினசரிச் சோதனைக்கு நல்லது. ஆனால் இயற்கையான புளோ ஹோல் ஒழுங்கற்ற விளிம்போடு, பாதி மூடிக்கொண்டு வரும். டிரில் துளையைப் பிடித்ததால் அதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அனாமலி மாடலுக்கு இன்னொரு தலைவலி. இன்சர்ட் (கட்டரின் வெட்டும் முனை) மாற்றிய அன்று கட்டர் மார்க் வேறு மாதிரி இருக்கும், நல்ல பீஸ் எல்லாம் என்ஜி (ரிஜெக்ட்) ஆகும். ஆபரேட்டர் சலித்துப்போய் த்ரெஷோல்டை (ரிஜெக்ட் செய்யும் ஸ்கோர் வரம்பை) தளர்த்தச் சொல்வார். தளர்த்திய அன்று புளோ ஹோல் போகும்.

---

கோவை_காஸ்டிங்

அது உண்மைதான், இன்சர்ட் பிரச்சினை எங்கும் உண்டு. நான்கு கேவிட்டியிலிருந்தும், புது இன்சர்ட், தேய்ந்த இன்சர்ட் இரண்டிலிருந்தும் நல்ல பீஸ் எடுத்துப் பயிற்சி கொடுத்தால் பெருமளவு அடங்கும். ஒரே நாளில் ஒரே கேவிட்டியில் 400 எடுப்பதைவிட அது மேல்.

---

ஆடிட்_நாற்காலி

ஐஏடிஎஃப் 16949-ல் ‘ஏஐ’ என்ற தலைப்பில் தனி கிளாஸ் (விதிப் பிரிவு) கிடையாது. அதனால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இருக்கும் கிளாஸ்களே போதுமான அளவுக்கு இறுக்கும்.

7.1.5.1.1: கண்ட்ரோல் பிளானில் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்) இருக்கும் எந்த ஆய்வு முறைக்கும் எம்எஸ்ஏ வேண்டும். மேலே சொன்னது அதுதான்.

7.1.5.2.1-ஐப் பலர் கேலிப்ரேஷன் ஸ்டிக்கரோடு முடித்துவிடுகிறார்கள். உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் வெர்ஷன் குறிப்பிட்டபடிதான் இருக்கிறது என்று சரிபார்த்த பதிவையும் அது கேட்கிறது. உங்களுக்கு வெர்ஷன் என்றால் மாடல் ஃபைல், த்ரெஷோல்டு, எக்ஸ்போஷர், கெயின், லைட் கரன்ட், படம் வெட்டும் அளவு, எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. மாடல் ஃபைலுக்கு எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (ஃபைல் மாறினால் மாறிவிடும் கைரேகை எண்) எடுத்துக் கண்ட்ரோல் பிளான் இணைப்பில் எழுதுங்கள். ஸ்டேஷன் ஸ்டார்ட் ஆகும்போது அந்த மதிப்பைத் தானே ஒப்பிட்டு, மாறியிருந்தால் ஓடக் கூடாது. ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் இரண்டையும் அணையுங்கள். ‘ஓடிக்கொண்டே தானாகக் கற்கும்’ வசதி இருந்தால் அதையும். நேற்று அப்ரூவல் வாங்கிய கருவி இன்று வேறொன்றாக இருந்தால் எந்த எம்எஸ்ஏ செல்லும்?

10.2.4, எரர் ப்ரூஃபிங் (தவறைத் தடுக்கும் ஏற்பாடு). சேலஞ்ச் பீஸ்களுக்கு (கேமராவைச் சோதிக்க வைத்திருக்கும், விடை தெரிந்த பீஸ்கள்) அடையாளம், கட்டுப்பாடு, சரிபார்ப்பு மூன்றும் வேண்டும். டிஃபெக்டுக்கு ஒன்றாவது வைத்து 5, 6 என்ஜி பீஸ், 2 ஓகே பீஸ், சீரியல் நம்பரோடு பூட்டிய பெட்டியில். பயிற்சிப் படங்களில் இவை இருக்கவே கூடாது. கைபட்டுக் கைபட்டு அலுமினியம் மங்கும், புதிய கீறல் விழும். அதனால் மாற்றும் தேதியும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை ஓட்டுவது என்பதற்கு ஒரே அளவுகோல்: சேலஞ்ச் தோற்றால் கடைசியாகப் பாஸ் ஆன நேரம் வரை உள்ள எல்லாப் பீஸையும் பிடித்து வைக்க வேண்டும். ஷிப்டுக்கு ஒருமுறை என்றால் 2,400 பீஸ், 2 மணிக்கு ஒருமுறை என்றால் 600. லாரி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

8.5.6.1.1: கேமரா படுத்துவிட்டால் மாற்று முறை என்ன? அதற்கு ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன், அப்ரூவல், மாற்று முறை ஓடும்போது தினசரி ரிவ்யூ எல்லாம் வேண்டும். மூன்று பேரையும் எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கேமரா நின்ற அன்று யாரை உட்காரவைப்பீர்கள்? கண் பரிசோதனையும் பயிற்சிப் பதிவும் நடப்பில் உள்ள ஆள் ஷிப்டுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். நிர்வாகத்திடம் இதைத்தான் முதலில் காட்டுங்கள்.

பிஎஃப்எம்இஏ (தயாரிப்பில் எது எப்படித் தவறலாம் என்ற ஆபத்து ஆய்வு): கேமரா வந்ததும் டிடெக்‌ஷனை (கண்டுபிடிக்கும் திறனுக்கான மதிப்பெண், குறைவே மேல்) 2, 3 என்று இறக்குவது வழக்கமாகிவிட்டது. 2019 ஏஐஏஜி-விடிஏ கையேட்டின்படி, இன்னும் நிரூபிக்கப்படாத இயந்திர ஆய்வுக்கு 7 தான். நிரூபித்த ஆதாரம் கையில் இருந்தால்தான் கீழே இறங்கலாம்.

பிபேப்: ஆய்வு முறையை மாற்றுவது கஸ்டமருக்குத் தெரிவிக்க வேண்டிய மாற்றம், ஏற்பு வரம்பு மாறாவிட்டாலும். எந்த லெவலில் சமர்ப்பிப்பது என்பதைக் கஸ்டமரே சொல்வார். அவருடைய தனித் தேவைப் பட்டியல்தான் முதலில். கண்ட்ரோல் பிளானும் பிஎஃப்எம்இஏவும் திருத்திய தேதி கேமரா ஓடத் தொடங்கிய தேதிக்கு முந்தியதாக இருக்கட்டும். சிரிக்காதீர்கள், இதில்தான் பாதி என்சி (ஆடிட்டர் எழுதும் விதிமீறல் குறிப்பு) எழுதப்படுகிறது.

---

லேடர்_லாஜிக்

எல்லாரும் மாடலையே பேசுகிறீர்கள். கேமரா ‘என்ஜி’ என்று சரியாகச் சொல்லியும் பீஸ் நல்ல பெட்டிக்குப் போகும் லைன்கள் நிறைய.

பிஎல்சியில் (லைனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) என்ஜி சிக்னல் வந்தால் தள்ளு என்று எழுதாதீர்கள். ஓகே சிக்னல் வந்தால் மட்டும் விடு. வராவிட்டால், தாமதமானால், கேபிள் கழன்றால், பிசி ஹேங் ஆனால் எல்லாம் ரிஜெக்ட். பிசியிலிருந்து ஹார்ட்பீட் பிட் (பிசி இயங்குகிறது என்று காட்டும் சிக்னல்) செகண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும். நின்றால் கன்வேயர் நிற்க வேண்டும்.

நியூமேட்டிக் புஷருக்குக் காற்றழுத்தம் 6 பாரிலிருந்து 4-க்கு இறங்கினால் தட்டு தாமதமாகும், அடுத்த பீஸைத் தள்ளும். பிரஷர் ஸ்விட்ச் இன்டர்லாக் வையுங்கள். தள்ளிய பீஸ் சிவப்புப் பெட்டிக்குள் விழுந்ததைச் சென்சார் எண்ண வேண்டும். கேமராவின் என்ஜி எண்ணிக்கையும் பெட்டி எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் லைன் நிற்கும். பெட்டிக்குப் பூட்டு, சாவி குவாலிட்டியிடம்.

பீஸுக்கு சீரியல் டாட் மார்க்கிங் இருந்தால் படத்தோடு அதை இணையுங்கள். இல்லையென்றால் கஸ்டமர் கம்ப்ளைன்ட் வரும்போது எந்தப் படம் எந்தப் பீஸ் என்று தேட முடியாது.

விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துங்கள். வெண்டரின் ரிமோட் ஆக்சஸ் எப்போதும் திறந்திருக்கக் கூடாது, கேட்டால் திறந்து வேலை முடிந்ததும் மூடுங்கள். இரவில் அவர் ‘சின்ன இம்ப்ரூவ்மென்ட்’ செய்து மாடலை மாற்றிவிட்டுப் போவதை வேறு எப்படித் தடுப்பீர்கள்?

---

ஓரகடம்_கியூஏ

எல்லாப் படத்தையும் சேமிக்க வேண்டுமா? எத்தனை வருஷம்?

---

லேடர்_லாஜிக்

கணக்குப் பாருங்கள். பீஸுக்கு 3 படம், சுருக்காத 8 பிட் கறுப்பு-வெள்ளைப் படம் 5 எம்பி. ஷிப்டுக்கு 36 ஜிபி, மூன்று ஷிப்டில் 108 ஜிபி, 300 நாளில் 32 டிபி. என்ஜி படமும் சந்தேகப் படமும் எல்லாம், ஓகேயில் 50-க்கு ஒன்று, இவற்றை அப்படியே வையுங்கள். மீதிக்கு முடிவு, ஸ்கோர், மாடல் வெர்ஷன், நேரம், சுருக்கிய படம் போதும்.

---

ஆடிட்_நாற்காலி

வருஷக் கணக்கு கஸ்டமர் தேவையையும் உங்கள் ரெக்கார்டு பாலிசியையும் பொறுத்தது. ‘எல்லாப் படமும் 15 வருஷம்’ என்று வீரமாக எழுதிவிட்டு ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் அழிப்பவர்களுக்குத்தான் என்சி. முடிந்ததை எழுதுங்கள்.

---

பார்மா_வேலிடேஷன்

வேறு துறை, ஆனால் இங்கே பொருந்தும். ஐரோப்பிய ஜிஎம்பிக்கு (மருந்துத் தயாரிப்பு நெறிமுறை) அனெக்ஸ் 22 என்ற ஏஐ வரைவு 2025 ஜூலையில் வந்தது. முக்கியமான பயன்பாட்டில் நிலையான மாடல் மட்டும். ஓடும்போது மாறும் மாடலும் ஜெனரேட்டிவ் ஏஐயும் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. சோதனை டேட்டா பயிற்சியிலிருந்து முற்றிலும் தனியாக இருக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறது.

உங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: சோதனைப் பீஸ்கள் வெண்டர் கைக்குப் போகக் கூடாது. நீங்கள் வைத்திருந்து, நீங்கள் ஓட்டி, நீங்கள் எண்ணுங்கள்.

---

ஓரகடம்_கியூஏ

ஜெர்மன் கஸ்டமர் ‘ஐரோப்பிய ஏஐ சட்டத்துக்கு உட்பட்டதா’ என்று கேட்டிருக்கிறார். வெண்டர் ஐஎஸ்ஓ 42001 சர்டிஃபிகேட் காட்டுகிறார். இன்னொன்று, 8டி ரிப்போர்ட்டை (கஸ்டமர் புகாருக்கு எட்டுப் படியில் எழுதும் பதில்) சாட்ஜிபிடியில் எழுதலாமா என்று சூப்பர்வைசர்கள் கேட்கிறார்கள்.

---

ஆடிட்_நாற்காலி

சட்டத்தின் எண் 2024/1689. 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது, பிரிவுகள் கட்டம் கட்டமாகத்தான் அமலாகின்றன. உதிரிப் பாகத்தில் துளை பார்க்கும் கேமரா அதன் உயர் ஆபத்துப் பட்டியலில் இல்லை. இரண்டு இடத்தில் கதை மாறும். அதே கேமரா ஆள் கை உள்ளே வந்தால் ரோபோவை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியாக வேலை செய்தால், அது வேறு விவகாரம். இரண்டாவது, ஆபரேட்டர் எத்தனை பிழை செய்தார், எவ்வளவு வேகம் என்று கணித்து வேலை மதிப்பீட்டுக்குக் கொடுத்தால், பணியாளர் கண்காணிப்பு என்ற தலைப்பில் உயர் ஆபத்துக்குள் போய்விடும். கேமராவின் பார்வையில் பீஸ் மட்டும் தெரியட்டும், ஆள் முகம் வேண்டாம். இங்கே நம் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதுவே நல்லது.

ஐஎஸ்ஓ 42001 என்பது 2023-ல் வந்த மேலாண்மை முறைத் தரம். வெண்டர் கம்பெனி தன் ஏஐ வேலையை ஒழுங்காக நிர்வகிக்கிறது என்று சொல்லும். உங்கள் ஹவுசிங்கில் 0.3 மி.மீ. துளை தப்பாது என்று சொல்லாது. பிபேப் ஃபைலில் எம்எஸ்ஏ இருக்க வேண்டிய இடத்தில் அதை வைக்காதீர்கள்.

8டி: ஆங்கிலத்தைச் சீர்செய்யப் பயன்படுத்தலாம். ஐந்து ‘ஏன்’-ஐயும் அதனிடம் கேட்டால், படிக்க அழகாக, தரையில் நடக்காத காரணம் எழுதித் தரும். ‘ஆபரேட்டருக்குப் பயிற்சி போதாமை’ என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். டி3-ல் (தற்காலிகத் தடுப்பு) எத்தனை பீஸ் பிடித்தோம், எங்கே பிடித்தோம் என்ற எண்ணும், டி4-ல் (மூலக் காரணம்) டிஃபெக்டை வேண்டுமென்றே வரவைத்தும் நிறுத்தியும் பார்த்த ஆதாரமும் மனிதர் தர வேண்டும். கஸ்டமர் டிராயிங், பார்ட் நம்பர் எதையும் பொதுத்தளத்தில் ஏற்றக் கூடாது, என்டிஏ (ரகசியக் காப்பு ஒப்பந்தம்) மீறல்.

---

கோவை_காஸ்டிங்

ஓடத் தொடங்கிய பிறகு மாடலை மறுபடி சோதிக்க வேண்டிய மாற்றங்களைப் பட்டியல் போட்டு டூல் ரூமிலும் ஃபவுண்டரியிலும் ஒட்டுங்கள்: டை ரிப்பேர் அல்லது புது டை, டை கோட் மாற்றம், கூலன்ட் பிராண்டு மாற்றம், ஷாட் பிளாஸ்ட் மீடியா மாற்றம், வாஷிங் கெமிக்கல் மாற்றம், இன்சர்ட் கிரேடு மாற்றம். பர்சேஸ்காரர் கூலன்ட் மாற்றினால் குவாலிட்டிக்குத் தெரியவே தெரியாது, முகத்தின் நிறம் மாறியிருக்கும்.

---

லென்ஸ்காரர்

அதோடு தினமும் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிக்ஸ்சரில் வைத்துப் படம் பிடியுங்கள். சராசரி பிக்சல் மதிப்பு தொடக்க மதிப்பிலிருந்து 5%-க்கு மேல் விலகினால் லைட் மங்குகிறது, அல்லது லென்ஸில் எண்ணெய்ப் படலம். எல்இடி ஒரே நாளில் போகாது, மாதக்கணக்கில் மெல்ல மங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கோருக்குத் தெரியும். ஓகே பீஸ்களின் ஸ்கோர் சராசரியையும் ஃபால்ஸ் ரிஜெக்டையும் ஷிப்ட் வாரியாகச் சார்ட் போட்டால், சேலஞ்ச் பீஸ் தோற்பதற்கு முன்பே சார்ட் சாயும்.

முதல் வேலை, 640 சுருக்கலை மாற்றச் சொல்லுங்கள். துண்டாக வெட்டினால் ஒரு பீஸுக்கான கணிப்பு நேரம் கூடும். உங்கள் சைக்கிள் டைம் 12 செகண்டு, தாராளமாகத் தாங்கும்.

---

ஓரகடம்_கியூஏ

640 பற்றி மெயில் போட்டாயிற்று. கெட்ட பீஸ்களை டேக் போட்டுத் தட்டுகளில் வைக்க இன்று இரவு ஷிப்டிலிருந்தே ஆரம்பம். ஆட்களை எடுக்கும் பேச்சு 8.5.6.1.1-ஐக் காட்டியதும் நின்றது. ஷிப்டுக்கு ஒருவர் இருப்பார். மிஸ் ரேட் எண்ணிக்கை தேறியதும் இதே இழையில் போடுகிறேன்.